கரும்பலகையிலிருந்து கொப்பி வரைக்கும்: வன்னியின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே, அதிபர்மாரே,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று வன்னியெங்கும் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருத்தி. 22 வருடமாகத் தரம் 2, தரம் 3 பிள்ளைகளோடுதான் என்னுடைய காலை விடிகிறது. உங்களிடம் ஒரு விடயம் கேட்க வேண்டும். பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதும்போது யாரும் குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குரலாலும் போக வேண்டாம், உருவத்தாலும் போக வேண்டாம். இது சின்னக் காரியம் போலத் தெரியும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தெரிந்தது.

ஒரு நாள் கரும்பலகையில் 'இரணைமடுக்குளம் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது' என்று எழுதிப் போட்டேன். இரண்டாம் வாங்கில் இருந்த பெண்பிள்ளையின் கொப்பியில் 'இரணைம் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது' என்று இருந்தது. அதற்கு முதல் நாளும் ஒரு சொல்லைப் பாதியில் விட்டிருந்தாள். 'கண்ணை எங்கே வைத்துக்கொண்டு எழுதுகிறாய்?' என்று கேட்டு உச்சியில் ஒரு குட்டுக் குட்டினேன். அவள் அழவில்லை. அழிறப்பரை எடுத்து அழுத்தி அழித்தாள். தாள் சுருண்டு கிழிந்தது. அதற்கும் ஏசினேன்.

கொஞ்ச நாள் கழித்து, பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர் என் வகுப்பை எடுத்தார். நான் கடைசி வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 'குரங்கு புளியம்பழம் தின்றது' என்று இருந்தது. அந்தப் பிள்ளையின் தலை நிமிரும், குனியும். நிமிர்ந்து 'புளி' எடுத்தாள், குனிந்து எழுதினாள். நிமிர்ந்து 'யம்' எடுத்தாள், குனிந்து எழுதினாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய வகுப்புப் பெடியன் ஒருவன் அறிவித்தல் கொப்பியோடு வாசலில் நின்று, 'ரீச்சர், பெரிய சேர் இதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரட்டாம்' என்றான். வகுப்பே திரும்பியது. அவளும் திரும்பினாள். எல்லாம் ஐந்தாறு செக்கன்தான். பிறகு கரும்பலகையைப் பார்த்தாள். கடைசியாக எழுதியது 'ம்' என்று அவளுக்குத் தெரியும், கொப்பியில் இருக்கிறதே. கரும்பலகையில் 'ம்' எங்கே என்று தேடினாள். சொல்லின் கடைசியில் ஒரு 'ம்' நின்றது. சரி, இந்தச் சொல் முடிந்தது என்று அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். கொப்பியில் 'குரங்கு புளியம் தின்றது.'

'இரணைம்' எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரணைமடுக்குளத்தில் மகரம் இரண்டு தரம் வருகிறது. நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. நான் குட்டிய அன்றைக்கும் யாரோ வாசலில் நின்றிருப்பார்கள், அல்லது நானே பின்வாங்குக்காரனைப் பார்த்துக் கத்தியிருப்பேன். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதிலிருந்துதான் இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் உங்களுக்குப் பயன்படும் என்று நான் நம்புவதைக் கீழே சொல்கிறேன்.

கண் பார்த்ததைக் கை எழுதி முடிக்கும்வரை மனம் ஏந்தி வைத்திருக்கிறதே, அதற்குப் பார்வைச் செயல்நினைவு என்று பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த அலன் பாட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இருவர் 1974இல் செயல்நினைவைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தார்கள். காதால் கேட்டதை வைத்திருக்க ஓர் இடம், கண்ணால் பார்த்ததை வைத்திருக்க ஓர் இடம், இரண்டையும் மேய்க்க ஒரு மேலாள் என்று பிரித்தார்கள். கண்ணுக்கான அந்த இடம் எவ்வளவு பெரியது? 1997இல் ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் என்பவர்கள் நிறச் சதுரங்களைச் செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டி, ஏறக்குறைய ஒரு செக்கன் கழித்துத் திரும்பக் காட்டி, ஏதாவது மாறியதா என்று கேட்டார்கள். வளர்ந்தவர்களே மூன்று, நான்கு பொருளுக்கு மேல் வைத்திருக்க முடியாமல் தடுமாறினார்கள். சிறுபிள்ளைகளுக்கு அதிலும் குறைவு.

இதைத் தமிழ் எழுத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கும் எனக்கும் 'இரணைமடுக்குளம்' ஒரே பொருள். பார்த்தவுடன் குளமே கண்ணுக்குள் வந்துவிடும், வான்கதவு திறந்தால் தண்ணீர் பாய்கிற இரைச்சலும் சேர்ந்து வரும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு அது ஒன்பது பொருள். 'ணை'க்கு இணைக்கொம்பு எங்கே போடுவது, 'டு'வின் சுழி எந்தப் பக்கம், 'க்'கின் புள்ளி எங்கே என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டியவை. அதனால்தான் பிள்ளை இரண்டு எழுத்து எடுக்கிறது, குனிகிறது, திரும்ப நிமிர்கிறது. ஒரு சொல்லுக்கு நாலைந்து தரம் பயணம். ஒவ்வொரு பயணமும் கிணற்றடியில் இரண்டு கையாலும் தண்ணீர் ஏந்திக்கொண்டு வீட்டுப் படி வரைக்கும் நடக்கிற மாதிரி. யாராவது தோளில் தட்டினால் போதும்.

சரி, தட்டினால் எல்லோருக்கும் சிந்துமா? வளர்ந்தவர்களுக்குச் சிந்துவதில்லையே. பாதி எழுதும்போது யாராவது கூப்பிட்டால் 'ம்' கொட்டிக்கொண்டே மிச்சத்தை எழுதிவிடுகிறோம். பார்த்ததைக் குறுக்கீட்டிலிருந்து காப்பாற்றுகிற ஏதோ ஒன்று நம் மூளையில் இருக்கிறது. என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வு இதைப் பற்றியதுதான். 80 வருடத்துக்கும் மேல் பழையது.

1930களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கார்லைல் ஜேக்கப்சன் என்பவர் குரங்குகளோடு வேலை செய்தார். குரங்கின் கண் முன்னால் இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் கீழ் தீனியை மறைத்து, சில செக்கன் திரை போட்டு, பிறகு எடுக்க விடுவார். சாதாரணக் குரங்கு சரியான கிண்ணத்தைத் தூக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளையை அகற்றிய குரங்கு தவறவிடும். நினைவு இருக்கிற இடமே முன்மூளைதான் என்று பலர் எண்ணினார்கள். 1942இல் ரொபர்ட் மால்மோ என்பவர் அதே சோதனையில் ஒரேயொரு மாற்றம் செய்தார். காத்திருக்கிற அந்தச் சில செக்கனுக்கு விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் காத்திருந்தபோது, முன்மூளை இல்லாத குரங்குகளும் பெரும்பாலும் சரியான கிண்ணத்தைத் தூக்கின.

இதை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அந்தக் குரங்குகளுக்கு நினைவு போகவில்லை. கண்ணில் படுகிற மற்ற எல்லாவற்றிலிருந்தும் அதைக் காக்கிற காவல்தான் போயிருந்தது. விளக்கை அணைத்தவர் அந்தக் காவலை வெளியிலிருந்து கொடுத்தார். ஆறேழு வயதுப் பிள்ளையின் முன்மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூளையிலேயே கடைசியாக முதிர்கிற பகுதிகளில் அது ஒன்று, இருபது வயது தாண்டியும் முதிர்ச்சி நடக்கும். அப்படியானால் அந்தக் காவலை இப்போதைக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டியது யார்? வகுப்பில் நிற்கிற நாங்கள்தானே.

பிறகு வந்தவர்கள் மூளைக்குள்ளேயே மின்முனை வைத்துப் பார்த்தார்கள். 1971இல் ஹோக்கீன் ஃபுஸ்டரும் கரெட் அலெக்சாண்டரும், காத்திருக்கிற நேரம் முழுவதும் விடாமல் துடிக்கிற நரம்புக் கலங்களைக் குரங்கின் முன்மூளையில் கண்டார்கள். 1996இல் ஏர்ல் மில்லர், சிந்தியா எரிக்சன், ரொபர்ட் டெசிமோன் மூவரும் ஒரு படத்தைக் காட்டி, அதை நினைவில் வைத்திருக்கும்போதே நடுவில் வேறு படங்களையும் காட்டிப் பார்த்தார்கள். காதுப் பக்கமாக இருக்கிற, உருவங்களை இனங்காணும் பகுதியில், புதுப் படம் வந்தவுடன் பழைய படத்தின் துடிப்பு அழிந்துபோனது. முன்மூளையில் அழியவில்லை. இதை வாசித்தபோது வாசலில் நின்ற பெடியனும், அவன் முகம் வந்து விழுந்த இடத்தில் 'புளியம்'மும்தான் என் நினைவுக்கு வந்தன.

அதே சமயம் முன்மூளை ஒன்றும் கற்சுவர் இல்லை. 2014இல் ஜெர்மனியில் சைமன் ஜேக்கப்பும் அந்திரேயாஸ் நீடரும் செய்த ஆய்வில், இடைஞ்சல் வந்தவுடன் முன்மூளைக் கலங்களும் கலங்கின. இடைஞ்சலையே கொஞ்ச நேரம் காட்டின. பிறகு முதலில் பார்த்ததற்குத் திரும்பி வந்தன. உச்சிப் பக்கத்தில் உள்ள இன்னொரு பகுதி அவ்வளவாக அசையவில்லை. அதாவது தாங்கிக்கொள்வதில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று அசையாமல் நிற்பது, மற்றது விழுந்து எழும்புவது. என்னுடைய அனுபவத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று நாங்கள் சொல்கிறவர்களில் கனபேர் இரண்டாம் வகைதான். அவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனால் திரும்பி வருகிற வழி அவர்களுக்குத் தெரிகிறது.

மனித மூளையில் இதை ஸ்கான் எடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2009இல் ஸ்டெஃபனி ஹரிசனும் ஃபிராங்க் டோங்கும், ஒருவர் சாய்கோடு ஒன்றை மனதில் வைத்திருக்கும்போது, திரையில் எதுவுமே இல்லாத நேரத்திலும் பிடரிப் பக்கப் பார்வைப் பகுதியிலிருந்து அந்தக் கோடு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கண்டுபிடித்துக் காட்டினார்கள். கண்ணுக்காக இருக்கிற இடமே நினைவையும் ஏந்துகிறது! அப்படியென்றால் புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது அது பழையதன் மேலேயே விழாதா? 2016இல் பெத்தன்கோர்ட், சூ என்ற இருவர் பார்த்தபோது, இடைஞ்சல் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், நினைவின் தடயம் பார்வைப் பகுதியில் காணாமல் போய் உச்சிப் பக்கப் பகுதியில் மட்டும் பத்திரமாக இருந்தது. வருமா வராதா என்று தெரியாதபோது பார்வைப் பகுதியிலும் தடயம் இருந்தது. 2019இல் ரோசன் ராடமேக்கரும் கூட இருந்தவர்களும், பார்ப்பதும் நினைப்பதும் ஒரே பார்வைப் பகுதியில் அக்கம்பக்கமாக இருக்கவும் முடியும் என்று காட்டினார்கள். இந்த வாதம் இன்னும் முடியவில்லை. முடிய வேண்டும் என்று நாங்கள் காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் இதில் ஒரு விடயம் எனக்கு வகுப்பறைக்கு எடுத்து வரலாம் போலத் தெரிகிறது. வரப்போவது தெரிந்தால் மூளை தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. ஏ9 வீதியில் எந்நேரமும் போகிற வாகன இரைச்சலுக்கு என் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். திடீரென்று வருகிற பாண் ஓட்டோவின் மெட்டுக்குத்தான் அத்தனை தலையும் திரும்புகிறது. இது என்னுடைய அனுமானம், ஆய்வின் முடிவு இல்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2021இல் அலெக்சாண்ட்ரா லிபி, திமோத்தி புஷ்மன் இருவரும் எலிகளுக்குத் தொடர்ச்சியாக ஒலிகளைக் கேட்க வைத்து, கேட்டது எப்படி நினைவாகிறது என்று பார்த்தார்கள். இப்போது கேட்கிற ஒலியை வைத்திருக்கிற அதே கலங்கள்தான் சற்று முன் கேட்டதையும் வைத்திருந்தன. ஆனால் பழையதை ஒரு கால் சுற்று திருப்பி வைத்திருந்தன. புதியது நேரே வர, பழையது அதற்குக் குறுக்காகக் கிடக்கிறது. பனையோலைப் பாய் இழைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீளத்துக்கு ஓடுகிற ஓலையும் அகலத்துக்கு ஓடுகிற ஓலையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, ஒன்றை மற்றது மறைப்பதில்லை. ஆய்வு ஒலியைப் பற்றியது, எலியைப் பற்றியது. என்றாலும் எவ்வளவு அழகான வேலை பாருங்கள். அந்தத் திருப்புதல் நடக்கக் கொஞ்ச நேரம் வேண்டும்.

இனி எங்களுடைய பிழைக்கு வருகிறேன். மறதிக்காரப் பிள்ளை என்றால் அதன் நினைவுப் பெட்டி சின்னது என்று நினைக்கிறோம். 2005இல் எட்வர்ட் வோகலும் கூட இருந்தவர்களும் வளர்ந்தவர்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி அளந்தார்கள். சிவப்புக் கோடுகளை மட்டும் நினைவில் வை, நீலக் கோடுகளை விட்டுவிடு என்று சொன்னார்கள். நினைவாற்றல் குறைந்தவர்கள் என்று கணிக்கப்பட்டவர்களின் மூளை நீலக் கோடுகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டிருந்தது. அவர்கள் ஏந்தியது குறைவில்லை, வேண்டாததையும் ஏந்தினார்கள். இதைப் படித்த பிறகு, 'கவனம் இல்லாத பிள்ளை' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுத எனக்குக் கை வருவதில்லை. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கவனிக்கிறது. கூரையில் ஓடுகிற அணிலையும், பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டையும், என் சேலைக் கரையையும் கவனிக்கிறது.

எங்கள் வகுப்பறைகள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரைச்சுவர். ஒரே மண்டபத்தில் தட்டி வைத்துப் பிரித்த மூன்று வகுப்பு. தட்டிக்கு அந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு, இந்தப் பக்கம் தமிழ். இடம்பெயர்ந்த காலத்தில் மரத்துக்குக் கீழே படித்தவர்களும் படிப்பித்தவர்களும் எங்களில் கனபேர். அதோடு பார்க்கும்போது இது மாளிகைதான். ஆனால் மரத்துக்குக் கீழே நாங்கள் படித்துவிட்டோம் என்பது, இன்றைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு இப்படியே போதும் என்பதற்கு நியாயம் ஆகாது.

2009க்குப் பிறகு இன்றுவரை, ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் என் கை கரும்பலகையில் நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த கணக்கின் அடுத்த இலக்கம் என்னை விட்டுப் போய்விடும். திரும்பிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன். 1998இல் ஏமி ஆர்ன்ஸ்டனும் பட்ரீசியா கோல்ட்மன்-ராகிக்கும் குரங்குகளுக்குப் பலத்த இரைச்சலைக் கேட்க வைத்து, அந்த மனவழுத்தத்தில் முன்மூளையின் இரசாயனச் சமநிலை குழம்பி, பார்த்த இடத்தை நினைவில் வைத்திருப்பது தளர்கிறது என்று காட்டினார்கள். பயந்த மூளை காவலைக் கைவிடுகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு ஹெலிகொப்டர் ஒரு விளையாட்டுப் பொருள். ஆனால் நுண்கடன்காரர் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போன காலையில் ஒரு பிள்ளை எந்தத் தலையோடு வந்து வாங்கில் இருக்கும்? அம்மா மத்திய கிழக்கில், அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளை? அந்தப் பிள்ளையின் உச்சியில் குட்டினால், ஏற்கெனவே தளர்ந்த காவலை இன்னும் தளர்த்துகிறோம். நான் செய்தது அதைத்தான்.

செய்யக்கூடியது என்ன என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு தாய். கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல வருடம் இருந்தவர். பெற்றோர் கூட்டம் முடிந்து பாடசாலை வேப்பமரத்தடியில் கதைத்துக்கொண்டிருந்தோம். தன்னுடைய ஒடுங்கிய பாதையில் முழங்காலில் இருந்து மண்ணைப் பார்க்கிறவருக்கு யாரும் கதை கொடுக்கமாட்டார்கள் என்றார். சொல்ல வேண்டியது இருந்தால் முதலில் வேலையை நிறுத்தச் சொல்வார்கள், அவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் கதை. 'வேலையும் கதையும் சேர்ந்து நடக்காது ரீச்சர்' என்றார். அவர் உயிருக்காகச் சொன்னார். நான் அதை அப்படியே வகுப்புக்கு எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் வகுப்பில் பிள்ளைகள் பார்த்து எழுதும்போது நான் வாய் திறப்பதில்லை. சொல்ல ஏதாவது இருந்தால், 'எழுதுகிற சொல்லை முடித்துவிட்டுப் பென்சிலை வையுங்கோ' என்பேன். முப்பது பென்சிலும் மேசையில் விழும்வரை காத்திருப்பேன். அப்புறம்தான் சொல்வேன். சொல்லின் எல்லையில் நின்றால் திரும்பி வருகிற வழி பிள்ளைக்குத் தெரியும். சொல்லின் நடுவில் நின்றால் 'ம்'மைத் தேடிப் போக வேண்டும். முன்பெல்லாம் நான் எழுதப் போட்டுவிட்டு, வரிசைக்கு வரிசை நடந்து 'வடிவாக எழுது, கோட்டுக்குள் எழுது, கெதியாக எழுது' என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அது கற்பித்தல் என்றுதான் நினைத்திருந்தேன். நீளச் சொற்களை எழுத முதல் எல்லோரும் சேர்ந்து இரண்டு தரம் வாயால் சொல்கிறோம். 'இரணை, மடு, குளம்' என்று பிரித்துச் சொன்னால் ஒன்பது பொருள் மூன்றாகிறது. கண் சிந்தியதைக் காது பிடித்துக்கொள்ளும்.

அதிபர்களே, உங்களிடம் கேட்பது அறிவித்தல் கொப்பியைப் பற்றி. பாடவேளையின் நடுவில் அதைச் சுற்ற விடாதீர்கள். இடைவேளைக்கு முன் ஐந்து நிமிடம் அதற்கென்று ஒதுக்குங்கள். மிக அவசரம் என்றால் பெடியனை வாசலில் நின்று கூப்பிடச் சொல்லாமல், உள்ளே வந்து ரீச்சரின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். தரம் 1, 2, 3 வகுப்புகளை வீதிப் பக்கமும் தண்டவாளப் பக்கமும் வைக்காமல் உட்பக்கம் வைக்க முடிந்தால் வையுங்கள். வீதிப் பக்க அறையில் பொருட்களை வைக்கலாம், பெரிய பிள்ளைகளை இருத்தலாம். 1975இல் நியூயோர்க் நகரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பாடசாலையை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்பவர் ஆராய்ந்தார். ரயில் பக்கத்து வகுப்புகளில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அதே கட்டடத்தின் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளை விட வாசிப்பில் ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்கு றப்பர் மெத்தை போட்டார்கள், வகுப்புகளுக்கு இரைச்சலை உறிஞ்சும் கூரைத்தட்டு போட்டார்கள். 1981இல் திரும்ப அளந்தபோது அந்த வித்தியாசம் இல்லை. இரைச்சலும் வாசிப்பும் என்பது நான் சொல்லிவந்த விடயத்துக்குப் பக்கத்து விடயம்தான், ஆனாலும் அந்தப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். யாழ்தேவி 2013இல் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தபோது கையசைத்தவர்களில் நானும் ஒருத்தி. ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் இரவிரவாகப் பிறிஸ்டல் போட் வெட்டி, சாயம் தீட்டி ஒட்டுகிற படங்கள் எவ்வளவு பாசத்தோடு செய்தவை என்று எனக்குத் தெரியும். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் சுவர் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் தெரியும். 2014இல் அமெரிக்காவில் அன்னா ஃபிஷரும் கூட இருந்தவர்களும் 24 பாலர்களை ஒரே அறையில் இரண்டு விதமாகப் படிப்பித்துப் பார்த்தார்கள். சுவர் நிறையப் படம் இருந்தபோது பிள்ளைகள் அதிக நேரம் பராக்குப் பார்த்தார்கள், படித்ததும் குறைந்தது. படங்களைக் கழற்ற வேண்டாம். கரும்பலகை இருக்கிற சுவரிலிருந்து பின்சுவருக்கு மாற்றுங்கள். மேற்பார்வைக்கு வருகிற பெரியவர்களே, பின்சுவரையும் பார்த்துப் புள்ளி போடுங்கள்.

அடுத்தது எனக்கு மனதுக்கு நெருக்கமானது. கேள்வி கேட்டால் பிள்ளை மேலே பார்க்கும். 'கூரையில் விடை எழுதியிருக்கோ? என்னைப் பார்த்துச் சொல்லு' என்போம். நானும் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஸ்கொட்லாந்தில் க்வினெத் டோகர்ட்டி-ஸ்னெடனும் கூட இருந்தவர்களும் இதை வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். கேள்வி கடினமாக ஆக, எட்டு வயதுப் பிள்ளைகள் கேட்கிறவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் அவ்வளவாக அப்படிச் செய்வதில்லை. யோசிக்கும்போது வேறு பக்கம் பார் என்று சொல்லிக் கொடுத்தபோது அந்த ஐந்து வயதுப் பிள்ளைகளின் விடைகளும் திருந்தின. முகம் என்பது கண்ணுக்கு மிகவும் கனமான பொருள், அதுவும் ரீச்சரின் முகம். மால்மோ அணைத்த விளக்கைப் பிள்ளை தானே அணைத்துக்கொள்கிறது. கூரையைப் பார்க்க விடுங்கள்.

எல்லாப் பிழையும் இதனால் வருவதில்லை. சில பிள்ளைகளுக்குக் கண் சரியாகத் தெரியாது. கரும்பலகைக்குக் கிட்ட இருத்தினால் பிழை குறைகிறதா என்று முதலில் பாருங்கள், குறைந்தால் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் சொல்லுங்கள். கிட்ட இருத்தியும், அமைதியாக இருந்தும், சொல்லைப் பிரித்துச் சொன்ன பிறகும் மாதக்கணக்காக அப்படியே இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கோயில் நிர்வாக சபைகளுக்குத் தனியாக ஒரு மடல் எழுதுவேன். திருவிழாக் காலத்தில் காலை எட்டு மணி முதல் ஒன்றரை மணி வரைக்குமாவது பாடசாலையைப் பார்த்த ஒலிபெருக்கிக் குழாயை மற்றப் பக்கம் திருப்பி வைக்கும்படி கேட்டால் அம்மாள் கோபிக்கமாட்டா.

நான் சொன்னது சரியோ என்று உங்கள் வகுப்பிலேயே பார்க்கலாம். ஒரு நாள் கடைசி வாங்கில் இருந்து, பார்த்து எழுதுகிற ஒரேயொரு பிள்ளையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். தலை எத்தனை தரம் நிமிர்கிறது, எந்த எழுத்தில் நிற்கிறது, அந்த நேரம் வகுப்பில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். பிறகு கொப்பியில் இருக்கிற பிழையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் வகுப்பைப் பார்க்க விரும்பினாலும் வாருங்கள். கிழமையில் எந்த நாளும் இரண்டாம் பாடவேளை தமிழ், கடைசி வாங்கில் இடம் இருக்கிறது. வந்தவுடன் கூப்பிடாமல் வாசலடியில் கொஞ்சம் நில்லுங்கள். பிள்ளைகள் சொல்லை முடித்துப் பென்சிலை வைத்ததும் நானே உங்களை உள்ளே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை